மகேஸ் அக்காவுக்காக நான் சாப்பிட்ட நாள்

ஹயர் வான் ஓடுறவனுக்கு றோட்டிலை வாற ஆபத்தைவிட, மற்றவையின்ரை சாப்பாட்டு மேசையிலை வாற ஆபத்துத்தான் கூட.

என்ரை பேர் அன்ரன், ஊர் குருநகர், கடற்கரையோரம் மீன்பிடிக்கிற சனத்தின்ரை இடம். எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டனான். கொப்பியும் பேனையும் எனக்கு ஒத்துவரேல்லை. ஆனா ஆரின்ரையும் வீட்டுக்குப் போனால் எங்கை இருக்கிறது, எப்ப கை வைக்கிறது, எப்ப எழும்புறது எண்டு கேளுங்கோ, இருந்து பாடமே எடுப்பன். வெளிநாட்டுச் சனத்தை ஏத்திக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு வீடு ஏறி இறங்கினால், நாலு வீட்டிலையும் "டிரைவர் தம்பி, நீங்களும் வாங்கோ" எண்டுவினம். வேண்டாம் எண்டால் மரியாதையில்லை. வெளுத்துக் கட்டினாலும் மரியாதையில்லை. நீங்களும் சொந்தக்காரர் வீட்டை போய் இந்தப் பொறியிலை அம்பிட்டிருப்பியள். அதாலை என்னையும் உங்கடை ஆளா நினைச்சுக் கேளுங்கோ.

இது மகேஸ் அக்காவின்ரை கதை. கனடாவிலை இருந்து வந்து கொக்குவிலிலை தங்கினவ. அடுத்த கிழமை மகனுக்குக் கலியாணம். வீடு வீடாப் போய்க் காட் குடுத்துக் கலியாணம் சொல்லவேணும். மூத்த ஆக்களின்ரை வீடு முதல், இளைய ஆக்களின்ரை வீடு கடைசி. கடைசி வீடு சண்டிலிப்பாயிலை, அவவின்ரை சொந்தத் தம்பி சிவராசா அண்ணையின்ரை வீடு. அங்கைதான் பிரச்சினை.

அக்காவும் தம்பியும் பதினொரு வருசமாக் கதை பேச்சில்லை. காணிச் சண்டையே எண்டு கேப்பியள். இல்லை, ஒரு நேரச் சோறு. போனமுறை அக்கா வந்த நேரம் தம்பி தன்ரை தோட்டத்துக் கத்தரிக்காய் ஆய்ஞ்சு சமைப்பிச்சு வைச்சுக்கொண்டு பாத்திருக்க, இவ வாற வழியிலை இன்னொரு வீட்டிலை வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு வந்து, "எனக்கு வேண்டாமடா, தண்ணி மட்டும் தா" எண்டிட்டா. தம்பி அண்டைக்குக் கவிட்டு வைச்ச சோத்துக் கோப்பையோடை தன்ரை வாயையும் கவிட்டு வைச்சிட்டார்.

இப்ப தம்பியின்ரை மனிசி வசந்தி அக்கா களவாப் போன் எடுத்து, "மச்சாள், புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வாங்கோ. வந்து வடிவாச் சாப்பிடுங்கோ. நீங்கள் சாப்பிட்டால்தான் அவர் கலியாணத்துக்கு வருவார்" எண்டு சொல்லியிருக்கிறா. மாப்பிளைக்குத் தலையிலை பாலும் அறுகம்புல்லும் வைச்சுக் குளிக்க வாக்க முதல் தேங்காய் உடைக்கிறது தாய்மாமன். அந்த ஆள் வராட்டில் முழுச் சபையும் "எங்கை மாமன்?" எண்டு கேக்கும். அக்காவுக்கு நித்திரை இல்லை.

வயிறு பாத்துப் பிடிச்ச வான்

புதன்கிழமை காலமை எட்டு மணிக்குக் கொக்குவிலிலை போய் நிக்கிறன். அக்கா வெறும் பிளேன்ரீ ஒண்டைக் குடிச்சிட்டு, வீட்டுக்காரர் இடியப்பத்தோடை துரத்த துரத்த ஓடி வந்து வானுக்கை ஏறிக் கதவைச் சாத்தினா. "தம்பி, இண்டைக்கு நீ பாக்கவேண்டியது டீசல் இல்லை, என்ரை வயிறு. இரண்டு மணிவரைக்கும் அது வெறுமையாக் கிடக்கவேணும்" எண்டா.

"அப்ப போற வீடுகளிலை, தம்பி வீட்டிலை சாப்பாடு எண்டு சொல்லுங்கோவன்" எண்டு நான் கேட்டன். அக்கா என்னை ஒரு பார்வை பாத்தா. கலியாணம் சொல்ல வந்த ஆளை வெறும் வாயோடை அனுப்பிற வீடு இஞ்சை இருக்கோ? தம்பி வீட்டிலை சாப்பாடு எண்டால், அப்ப எங்கடை வீட்டுக்கு என்ன குறை எண்டு அங்கை ஒரு புதுச் சண்டை துவங்கும். ஆனபடியால் குடுக்கிறதை வாங்கவேணும், கோப்பை வெறுமையாக வேணும், ஆனா அக்காவின்ரை வாய்க்குள்ளை ஒண்டும் போகக் கூடாது.

"அப்ப உதெல்லாத்தையும் ஆர் அக்கா சாப்பிடுறது?" எண்டு கேட்டன். சேட்டுப் பொத்தானுக்கு வெளியாலை எட்டிப் பாக்கிற என்ரை வயித்தைப் பாத்துச் சொன்னா: "உந்த வயித்தைப் பாத்துத்தானே ராசா உன்ரை வானைப் பிடிச்சனான்."

ஏழு முறுக்கு

முதல் வீடு புத்தூர், அக்காவின்ரை பெரியப்பா. வயசு தொண்ணூறு தாண்டிட்டுது. கண் நிழல்தான் தெரியும். ஆனா காது இருக்கே, பக்கத்து வளவிலை கோழி முட்டையிட்டாலும் எழும்பிப் போய் எடுக்கச் சொல்லுவார். முன்னாலை ஒரு தட்டு முறுக்கை வைச்சுப்போட்டுப் பொல்லை முழங்காலுக்கு இடையிலை ஊண்டிக்கொண்டு இருந்தார். "சாப்பிடு பிள்ளை." அக்கா சத்தம் போடாமல் தட்டை என்ரை பக்கம் தள்ளினா. கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்தார். "என்ன பிள்ளை, சத்தத்தைக் காணேல்லை?"

வேறை வழி? அக்காவுக்குப் பக்கத்திலை நெருங்கி இருந்து நான் கடிச்சன். முறுக்கெண்டால் முறுக்கு, றோட்டுக்குப் போடுற சல்லி. ஒவ்வொரு முறுக்குக்கும் மனிசன் தலையை ஆட்டுது, பொல்லாலை நிலத்திலை ஒரு தட்டுத் தட்டுது. எண்ணுறார்! ஐஞ்சாவதிலை என்ரை கடைவாய்ப் பல்லு ஒண்டு என்னட்டை விடை கேட்டுது. அந்த நேரம் பாத்து, "மாப்பிளைக்கு என்ன வேலை பிள்ளை?" எண்டார். அக்கா "கம்பியூட்டர் வேலை பெரியப்பா" எண்டு வெண்கல மணி மாதிரி மறுமொழி சொன்னா. நான் நிப்பாட்ட மறந்து போனன். கறுக், கறுக்.

பொல்லு நிண்டுது. "பிள்ளை, வாய் நிறைய முறுக்கோடை இவ்வளவு தெளிவாக் கதைக்க எங்கை பழகினனீ?" எண்டு கேட்டார். நான் மிச்ச முறுக்கைச் சத்தமில்லாமல் கன்னத்துக்குள்ளை ஒதுக்கினன். அக்கா அசையேல்லை. "கனடாவிலை பெரியப்பா" எண்டா. மனிசனுக்குச் சரியான சந்தோசம். நாங்கள் வெளிக்கிடேக்கை வாசல் படலைவரைக்கும் வந்து சொன்னார்: "உன்ரை தம்பிக்கு இப்பவே போனிலை சொல்லுறன், உன்ரை அக்கா என்ரை வீட்டிலை ஏழு முறுக்குச் சாப்பிட்டவள் எண்டு."

கை மறைச்சாலும் விழுற புட்டு

அடுத்தது சுன்னாகம் போற றோட்டிலை தங்கராணி மச்சாள் வீடு. பெரிய மாபிள் வீடு. படியிலை கால் வைக்க முன்னம் மச்சாள் என்னட்டைக் கேட்டது, "தம்பி எவடம்?" நான் "குருநகர்" எண்டன். அவ்வளவுதான், ஊரை வைச்சே ஆளை அளந்திட்டா. அக்காவுக்கு உள்ளை சாப்பாட்டு மேசையிலை பூப்போட்ட பீங்கான் கோப்பை, எனக்கு விறாந்தையிலை பேப்பர் பிளேட். "தம்பிக்குக் கழுவிற கரைச்சல் இல்லாமல் இருக்கட்டும் எண்டுதான்" எண்டு மச்சாள் சிரிச்சுக்கொண்டே சொன்னா. நானும் சிரிச்சன். பிளேட் லேசானது, காத்துக்குப் பறக்கப் பாத்தது. புட்டாலை அதுக்குப் பாரம் வைச்சன்.

ஆனா என்ரை மானத்தை விடுங்கோ, அக்காவின்ரை வயிறு உள்ளை தனியா மாட்டிப்போச்சு. யன்னலாலை பாக்கிறன், மச்சாள் அகப்பையும் கையுமா நிக்கிறா. எங்கடை ஊரிலை "காணும்", போதும் எண்டு சொல்லுறதுக்கு ஒரு கணக்கு இருக்கெல்லே. முதல் காணும் மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு, மூண்டாவதைத்தான் காதிலை விழுத்துவினம். ஒருக்கா சுவிஸிலை பிறந்த பெடியன் ஒருத்தன் முதல் கேள்விக்கே "ஓம், இன்னும் போடுங்கோ" எண்டு கோப்பையை நீட்டினவன். வீட்டுக்காரி அகப்பையை வைச்சிட்டு அவனுக்குக் காய்ச்சலோ எண்டு நெத்தியைத் தொட்டுப் பாத்தது. தங்கராணி மச்சாளுக்கு மூண்டாவதும் கேக்கேல்லை, நாலாவதும் கேக்கேல்லை. அக்கா கையாலை கோப்பையை மறைச்சா. மச்சாள் விரல் இடுக்குகளாலை புட்டுப் போட்டா.

அக்கா புட்டைக் குழைச்சுக் குழைச்சு வாய்க்குக் கொண்டு போகாமல் என்னைப் பாத்துக் கண்ணாலை அழுதா. நான் எழும்பிக் கத்தினன், "அக்கா, பின் சில்லுக்குக் காத்துப் போகுது! இப்ப வெளிக்கிட்டால்தான் கடைக்குப் போய்ச் சேரலாம்!" பலிச்சுது. ஆனா மச்சாளை லேசா நினைக்கப்படாது. ஐஞ்சு நிமிசத்திலை புட்டு, முட்டைப்பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு எல்லாத்தையும் கட்டிப் பார்சலாத் தந்திட்டா. கொஞ்சத் தூரம் போய் வானை ஓரம் கட்டினன். பார்சலை வைச்சுக்கொண்டு போகேலாது. தம்பி வான் கதவைத் திறந்து வேறை வீட்டுச் சாப்பாட்டைக் கண்டால் கதை முடிஞ்சுது. எறியவும் மனமில்லை. போயிலைத் தோட்டத்து வேலிக்கு முன்னாலை நிண்டு நான் விழுங்க, அக்கா வெறும் வயித்தைத் தடவிக்கொண்டு, பார்சல் போற பக்கமெல்லாம் கண்ணைக் கொண்டு போய்க்கொண்டு சொன்னா: "பாத்துச் சாப்பிடு தம்பி, இன்னும் ஒரு வீடு கிடக்கு."

மிச்சம் வைக்கக் கூடாத மேசை

அந்த ஒரு வீடு சுன்னாகத்திலை, அதிபரா இருந்து பென்சன் எடுத்த மாமா ஒருத்தர். வெள்ளை மேசைவிரிப்பு, கரண்டி, முள்ளுக்கரண்டி, மடிச்சு வைச்ச துணி, நடுவிலை ஒரு தட்டு கட்லற். என்னைக் கண்ட உடனை, "எங்கடை வீட்டிலை டிரைவர், பிரயாணி எண்டு வித்தியாசம் இல்லைத் தம்பி. வாரும், மேசைக்கு வாரும்" எண்டார். ஒரு மணித்தியாலத்துக்கு முதல் விறாந்தையிலை இருந்தவனுக்கு இது பெரிய மரியாதை. ஆனா என்ரை வயிறு அந்த நேரம் மரியாதை கேக்கேல்லை, விறாந்தையைத்தான் கேட்டுது.

அக்கா "நான் விரதம் மாமா" எண்டா. "புதன்கிழமை என்ன விரதம் பிள்ளை?" எண்டு அதிபர் கண்ணாடிக்கு மேலாலை பாத்தார். நான் பாய்ஞ்சு விழுந்து, "எங்கடை சதா சகாய மாதாவுக்கு நேத்திக்கடன் ஐயா. புதன்கிழமையிலை" எண்டன். மாதா என்னை மன்னிப்பா, அவவும் ஒரு பிள்ளை பெத்தவதானே. அக்கா தப்பிட்டா. அவவின்ரை பங்கு கட்லற்றும் என்ரை கோப்பைக்கு வந்திட்டுது.

அங்கைதான் மனிசர் சாப்பாட்டு ஒழுக்கம் படிப்பிக்கத் துவங்கினார். முழங்கையை மேசையிலை வைக்கக் கூடாது. வாயை மூடிச் சப்பவேணும். கோப்பையிலை மிச்சம் வைக்கிறது பெரிய பிழை. சரி எண்டு நான் கோப்பையைத் துடைச்சு வைச்சன். மாமியின்ரை சட்டம் வேறை, வந்த ஆளின்ரை கோப்பை வெறுமையா இருக்கக் கூடாது. அவ இரண்டு கட்லற் வைப்பா. நான் முடிப்பன். அவ வைப்பா. மாமா என்ரை கோப்பையைப் பாப்பார். எட்டாவது கட்லற்றிலை முள்ளுக்கரண்டியாலை குத்தினன், அது உயிருக்குப் பயந்து பாய்ஞ்சு அதிபரின்ரை மடியிலை போய்க் குந்திச்சுது. அக்கா மெல்லக் குனிஞ்சு, "கரண்டி இரண்டையும் பக்கத்திலை பக்கத்திலை படுக்க வை, முடிஞ்சுது எண்டு அர்த்தம்" எண்டு காதுக்குள்ளை சொன்னா. இதை ஆறு கட்லற்றுக்கு முன்னம் சொல்லியிருக்கலாமே! படுக்க வைச்சன். மனிசன் கட்லற்றை மடியிலை இருந்து எடுத்து வைச்சிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "நேத்தி அவவுக்கு, பிரசாதம் முழுக்க உமக்கோ?"

நடுக் கதிரை

சண்டிலிப்பாய்க்குச் சரியா இரண்டு மணிக்குப் போட்டம். அக்கா பசியிலை நடுங்குறா, எனக்குக் குனிஞ்சு செருப்புக் கழட்டேலாது. சிவராசா அண்ணை தோட்டத்திலை இருந்து வந்த சாரத்தோடையே வாசலிலை நிண்டார். அக்காவைப் பாக்காமல் உள்ளுக்குப் பாத்து, "வசந்தி, ஆக்கள் வந்திருக்கினம்" எண்டார். பிறகு என்னட்டை, "தம்பி எவடம்?" எண்டார். குருநகர் எண்டன். நான் விறாந்தையைப் பாத்தன், நல்ல குளிர்மையான விறாந்தை, படுத்தும் விடலாம். அவர் "கையைக் கழுவிப்போட்டு வாரும்" எண்டு கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையிலை அக்காவுக்குப் பக்கத்துக் கதிரையிலை இருத்தினார். அக்காவோடை நேரா முகம் பாத்துக் கதைக்காமல் இருக்கிறதுக்கு அவருக்கு இடையிலை ஒரு ஆள் தேவைப்பட்டது.

வாழையிலை போட்டிருந்துது. கத்தரிக்காய்ப் பால்கறி, பயித்தங்காய், வாழைக்காய்ப் பொரியல், மிளகாய்ப் பொரியல், அப்பளம். அக்கா கண் வெட்டாமல் பாத்துக்கொண்டிருக்கிறா. சிவராசா அண்ணை சோத்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அக்காவின்ரை இலையிலை ஒரேயொரு கரண்டி வைச்சார். என்னைப் பாத்துக்கொண்டு சொல்லுறார், "புத்தூரிலை ஏழு முறுக்காம், பெரியப்பா போன் எடுத்தவர். தங்கராணி வீட்டிலை புட்டுச் சாப்பிட்டுப் பார்சலும் கட்டிக்கொண்டு போனதாம், அவவும் எடுத்தவ. சாப்பிட்ட ஆக்களை வில்லங்கப்படுத்தப்படாதெல்லே. ருசி பாத்தால் காணும்." நாங்கள் காலமை தொடக்கம் செய்த கெட்டித்தனம் முழுக்க எங்களுக்கு முன்னம் இஞ்சை வந்து இறங்கியிருக்கு! உண்மையைச் சொன்னால் தொண்ணூறு வயசு மனிசனை ஏமாத்தின கதை வெளியிலை வரும். சொல்லாட்டில் தாய்மாமன் இல்லை.

பிறகு என்ரை இலைக்கு வந்தார். "டிரைவர் தம்பிதான் பாவம், காலமை இருந்து வெறும் வயித்தோடை ஓடியிருப்பார்" எண்டு ஒரு கரண்டி, இரண்டு, மூண்டு, நாலு. இலையிலை ஒரு மலை. நான் "காணும்" எண்டன், மூண்டுதரம் எண்டன், ஏழுதரமும் எண்டன். கையைச் சோத்திலை வைச்சன். வாய்வரைக்கும் கொண்டு போனன். வாய் திறக்குது, உள்ளுக்கு இடமில்லை எண்டு முறுக்கு சொல்லுது, புட்டு சொல்லுது, கட்லற் சொல்லுது. கையை இலைக்குத் திருப்பி இறக்கினன். சிவராசா அண்ணையின்ரை முகம் கறுத்துப்போச்சு. சட்டியை மேசையிலை வைச்சார். "என்ன தம்பி, உமக்கும் எங்கடை வீட்டுச் சோறு இறங்காதோ?"

குசினி வாசலிலை வசந்தி அக்கா பாயாசப் பேணியோடை அப்பிடியே நிண்டிட்டா. பதினொரு வருசக் கோவம் இப்ப என்ரை இலையிலை வந்து குவிஞ்சு கிடக்கு. செபமாலையை நினைச்சுக்கொண்டு திருப்பியும் கையைத் தூக்கினன். அப்பதான் பக்கத்திலை இருந்து ஒரு கை வந்துது, நாலு மோதிரம் போட்ட கை. என்ரை இலைக்குள்ளை இறங்கி, நான் பிசைஞ்சு வைச்ச சோத்தைக் கத்தரிக்காயோடை சேத்து அள்ளிக்கொண்டு போச்சுது. நான் கை வைச்ச சோறு! தங்கராணி மச்சாள் கண்டிருந்தால் பேப்பர் பிளேட்டோடை மயங்கி விழுந்திருப்பா. அக்காவின்ரை கை இரண்டாம் தரம் வந்துது, மூண்டாம் தரம் வந்துது. வாய் நிறைய வைச்சுக்கொண்டே தம்பியைப் பாத்துக் கத்தினா, "முறுக்கு முழுக்க உவன் திண்டவன்ரா! புட்டும் உவன்தான்! உன்ரை வீட்டிலை சாப்பிட எண்டு நான் விடிய இருந்து பட்டினி கிடக்கிறன், நீ எனக்கு ஒரு கரண்டி வைக்கிறாய்!"

மிளகாய் புரைக்கேறிக் கண்ணாலை ஓடுதோ, வேறை ஏதும் ஓடுதோ, நான் பாக்கேல்லை. சிவராசா அண்ணை அந்தக் கையையே பாத்துக்கொண்டு நிண்டார். முகத்திலை முதல் மீசை ஆடிச்சுது, பிறகு வயிறு ஆடிச்சுது. "பாவாடை கட்டின காலத்திலையும் உனக்குப் பக்கத்துக் கோப்பையிலைதானே அக்கா கண்" எண்டார். பதினொரு வருசத்துக்குப் பிறகு நேராச் சொன்ன முதல் சொல் அது. என்ரை இலையிலை கிடந்த மலையை அப்பிடியே இழுத்து அக்காவின்ரை இலைக்குத் தள்ளிவிட்டார். அதுக்கு மேலை பால்கறியை ஊத்தினார். பிறகு தனக்கும் ஒரு இலையைப் போட்டுக்கொண்டு அவவுக்கு நேர் முன்னாலை இருந்து, முதல் வாயை வைச்சு விழுங்கினாப் பிறகு கேட்டார்: "சரி, தேங்காய் எத்தினை மணிக்கு உடைக்கிறது?"

வான் ஓட லைசென்ஸ் ஒண்டு காணும், ஆனா யாழ்ப்பாணத்திலை கலியாணம் சொல்லுற சனத்தை ஏத்திக்கொண்டு ஓடுறவனுக்கு ஆண்டவர் மேலதிகமா ஒரு வயித்தையும் பூட்டி அனுப்பியிருக்கவேணும்.